சுவரில் இருந்த முகவரி

பிளாஸ்திரியின் ஒரு முனை தானாகவே எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் பரிசோதகரின் விரல் நுனி அரித்தது.

கால்நடை மருத்துவரின் உரிமச் சான்றிதழ், எடை பார்க்கும் மேடைக்கு நேர் மேலே, மரச்சட்டத்துக்குள் தொங்கியது. படம், பெயர், உரிம எண், செல்லுபடியாகும் தேதி, உரிமம் வழங்கும் வாரியத்தின் நீல முத்திரை எல்லாம் இருந்தன. பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் மட்டும் தெரியவில்லை. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை நீளமாக வெட்டிக் கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்தார்கள். வெட்டிய கை நிதானமான கை. ஓரம் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

வாரியத்தின் பரிசோதகர் ஓர் இடத்துக்குள் நுழைந்தால் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, சுவரைப் பார்ப்பார். அதனால் மருத்துவர்களிடையே அவருக்குச் சுவர்ப்பல்லி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். "பல்லி கெளம்பிடுச்சு, அடுத்து உங்க பக்கம்தான்" என்று ஒருவர் தொலைபேசியில் தகவல் சொன்னது ஒரு முறை அவர் காதிலேயே விழுந்தது. அவர் கோபப்படவில்லை. பல்லி யாரையும் கடிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"டாக்டர், இந்தப் பிளாஸ்திரியை எடுத்துடணும்."

மருத்துவர் ஒரு பூனையின் வாயைத் திறந்து பிடித்திருந்தார். நிமிரவில்லை.

"அது என் வீட்டு அட்ரஸ் சார்."

"தெரியும்மா. ஆனா சான்றிதழை மறைக்கக் கூடாது."

"சான்றிதழை எங்க மறைச்சேன்? வீட்டைத்தான் மறைச்சிருக்கேன்."

"ரூல் அப்படி. பொதுமக்கள் பாக்கணும்னுதானே சுவத்துல மாட்டச் சொல்றோம்."

"எங்க வீட்டைப் பொதுமக்கள் எதுக்கு சார் பாக்கணும்?"

பதில் இல்லாத கேள்விகளுக்கென்று பரிசோதகர் ஒரு சிரிப்பு வைத்திருந்தார். அதைச் சிரித்தார். மருத்துவர் அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பூனையிடம் திரும்பினார்.

"கையில கிளவுஸ். நீங்களே எடுத்துக்கோங்க."

சட்டம் உயரத்தில் இருந்தது. பரிசோதகர் எடை மேடையின் மேல் ஏறினார். பக்கத்துப் பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. பெஞ்சில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "நல்ல எடைதான் டாக்டர், முதல்ல இவருக்கு ஊசியைப் போட்டுடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நகத்தால் முனையைக் கிள்ளி இழுத்தார். பிளாஸ்திரி ஒரே இழுப்பில் வந்தது. பசை மட்டும் கண்ணாடியில் அழுக்காக நின்றது. அவர் வாயால் ஊதிக் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. மறுபடி ஊதித் துடைத்தார். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டு எண்ணும் தெருவும் எழுத்து எழுத்தாகத் தெளிந்து வந்தன.

"இப்ப பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு" என்றார் இறங்கிக்கொண்டே.

"ஆமா, பளிச்சுனு இருக்கு" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். கிளிக்கார அம்மாளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் செருப்பின் மேல் தலையை வைத்து ஒரு கிழட்டுப் பழுப்பு நாய் படுத்திருந்தது. அதன் சங்கிலியை அவர் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தார். சும்மா ஒப்புக்குச் சொன்ன பேச்சு. காத்திருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள்.

"திரும்ப ஒட்டிடாதீங்கம்மா. அப்புறம் நான் குறிப்பு எழுத வேண்டி வரும்" என்றார் பரிசோதகர், முடிந்தவரை மென்மையாக. மருத்துவர் தலையை மட்டும் அசைத்தார். குப்பைத் தொட்டி எங்கே என்று தெரியாமல், உருட்டிய பிளாஸ்திரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார். வேலை ஒழுங்காக முடிந்த நாள்களில் வரும் பசி வந்தது.

மழைக்காலம் வந்து போனது. ஒரு திங்கட்கிழமை வாரியத்தின் செயலாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். செயலாளர் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். எந்தச் சிக்கலையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்.

"உக்காருங்க. நம்ம கால்நடை டாக்டரம்மா ஒருத்தங்க வந்துட்டுப் போனாங்க. ஒரே ரகளை. அதாவது சத்தம் போடல, அழல. அதான் ரகளையா இருந்துச்சு."

"என்னவாம் சார்?"

"ஒரு ஆளு தெனம் காலையில அவங்க வீட்டு கேட்டாண்ட வந்து நிக்கிறானாம். திட்டுறதில்ல, கத்துறதில்ல. வெறும் நாய்ச் சங்கிலியைக் கையில சுத்திக்கிட்டு நிக்கிறான். அவன் நாய் இவங்க கையில செத்துப் போச்சாம்."

பரிசோதகருக்கு அந்தப் பழுப்பு நாயின் தலை நினைவுக்கு வந்தது. அது செருப்பின் மேல் இருந்த விதம்.

"போலீசுக்குப் போகலையா?"

"போனாங்களாம். ரோட்டுல நிக்கிறதுக்கு என்ன கேசு போடறதுன்னு கேட்டாங்களாம். ஒரு நாளு சங்கிலியை கேட்டுலயே மாட்டிட்டுப் போயிருக்கான். பொண்ணு ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப பாத்திருக்கு. அன்னியிலேருந்து அந்தக் கொழந்தை வாசப்பக்கமே வரதில்லையாம்."

"அவனுக்கு வீடு எப்படித் தெரிஞ்சுதாம்?"

"யாரு கண்டா? எல்லாம் பொதுவுல இருக்கிறதுதானே. நம்ம மேல பழி வராது, சட்டப்படிதான் எல்லாம்." செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "விஷயம் அது இல்ல. பயந்து வீடு மாறிட்டாங்க. புது அட்ரஸ் தர மாட்டேங்கிறாங்க. கிளினிக் அட்ரஸே போதும்ங்கிறாங்க. வசிப்பிடம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல கிளினிக்கைப் போட்டா மெஷினே வாங்காது. வெள்ளிக்கிழமைக்குள்ள நெரப்பலேன்னா உரிமம் தானா நின்னுடும். புதுச் சான்றிதழும் அந்த அட்ரஸைப் போட்டுத்தான் வரும், அது வேற கதை. உங்களுக்குத்தான் பக்குவமா பேச வரும். போய் வாங்கிட்டு வந்துடுங்க."

அவர் தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை மேசை விளிம்பில் தட்டியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் பெயர், படம், பதவி, வாரியத்தின் முகவரி. வீட்டு முகவரி இல்லை. அட்டை அடிக்கும்போது செயலாளர்தான் சொன்னார்: "வீட்டு அட்ரஸ் வேண்டாம்ப்பா. உரிமம் போன கோவத்துல எவனாவது வாசல்ல வந்து நிப்பான்." அன்று எல்லோரும் சரியென்று தலையாட்டினார்கள். அவரும்தான்.

பிறகு அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். அதை அவர் பலமுறை பையில் சுமந்திருக்கிறார், மேசையில் வைத்து மருத்துவர்களிடம் அட்டையைத் தட்டிக் காட்டியிருக்கிறார். படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முதல் நாள் கூடவே கூட்டிக்கொண்டு போய், "தம்பி, சான்றிதழ் மேல தூசிகூட இருக்கக் கூடாது, ஞாபகம் வெச்சுக்க" என்றார் அவர். அதுவே சட்டம் என்று இவர் எடுத்துக்கொண்டார். எத்தனை சுவர்களில் எத்தனை கண்ணாடிகளைத் துடைத்திருப்பார். காலண்டரை நகர்த்தச் சொல்லியிருக்கிறார், பூச்சாடியை இறக்கச் சொல்லியிருக்கிறார்.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: உரிமம் பெற்றவரின் பெயர், உரிம எண், செல்லுபடியாகும் தேதி ஆகியவை வருபவர்களின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே மருந்துகளை வைக்கும் முறை பற்றி இருந்தது. முகவரி என்ற சொல்லையே காணோம். முந்தைய பக்கத்துக்குப் போய் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு மறுபடியும் படித்தார். இல்லை. அந்தப் பிளாஸ்திரி அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை, அவரைத் தவிர.

அன்று மாலை வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் தெருவில் போகிற எவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவனின் தங்கைக்கு வரன் பார்த்துக் கொடுத்தவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்பதால் அவர் விஷயத்தை ஊர்க்கதைபோல் சொன்னார். ஒரு டாக்டரம்மா, ஒரு பிளாஸ்திரி, ஆபீசிலிருந்து போன ஆள் அதை எடுக்கச் சொன்னது, சங்கிலியோடு வந்து நிற்கும் நாய்க்காரன், குழந்தை.

மனைவி ஒரு சட்டையை நெஞ்சோடு வைத்து மடித்தாள்.

"ஆபீஸ்லேருந்து போற ஆளு நீங்க ஒருத்தர்தானே?"

அவர் மடித்த துணியொன்றின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"அந்தப் பிளாஸ்திரியா? உங்க பையில இருந்துச்சே. தெரியாம ஊறவெச்சுட்டேன். துணியோட ஒட்டிக்கிட்டு, நூலளவும் வரமாட்டேன்னுடுச்சு." அவள் அடுக்கிலிருந்து வேறொரு சட்டையை உருவிப் பையைத் திருப்பிக் காட்டினாள். உள்துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. "அடிபட்டதைச் சொல்லாம மறைக்கிறீங்களோன்னுகூட நெனைச்சேன்."

"ரூல்னு நெனைச்சுட்டேன்."

"ம்."

"புத்தகத்துல இல்ல."

அவள் திட்டினால் பதில் சொல்லலாம். வேலையென்றால் அப்படித்தான், எனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்று குரலை உயர்த்தலாம். அவள் சட்டைப் பையை உள்ளே தள்ளி, மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"அந்தக் கொழந்தைக்கு என்ன வயசு?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நேரே கிளினிக்குக்குப் போகாமல் அவர் பழைய வீட்டைப் பார்க்கப் போனார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முகவரியை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் கையாலேயே துடைத்த எழுத்துகள். இரண்டு பக்கமும் மதில் வைத்த, சத்தமில்லாத தெரு. குட்டையான பச்சை இரும்புக் கேட். அதில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கியது. எதிர்ப்பக்க மதிலில் சாய்ந்து நாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. தலை வாரியிருந்தது. வேலைக்குப் போகிறவர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார். வலது மணிக்கட்டில் தோல்பிடி வைத்த சங்கிலி சுற்றியிருந்தது. அதன் கொக்கி முழங்கால் அருகில் ஆடிக்கொண்டிருந்தது.

"வீடு பாக்க வந்தீங்களா?" என்றார் அவராகவே. "நல்ல வீடு. காலையில வெயில் நேரா சமையக்கட்டு ஜன்னல்ல விழும். முதல்ல அதைத்தான் தொறப்பாங்க."

பரிசோதகர் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வீடு பாக்க வரல."

நாய்க்காரர் அவரை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீங்களா! எடை மேடையில ஏறினீங்களே! அந்தக் கிளியம்மா ஊசி போடச் சொன்னாங்களே!" அவர் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தார். சங்கிலி பரிசோதகரின் விரல்களில் பட்டது. குளிர்ச்சியாக இருந்தது. "நீங்க அன்னிக்குத் தொடச்சு விடலேன்னா எனக்கு இந்த வீடே தெரிஞ்சிருக்காது சார். ரொம்ப நன்றி."

பரிசோதகர் கையை உருவிக்கொண்டார்.

"எதுக்கு இங்க வந்து நிக்கிறீங்க?"

"ஒண்ணு கேக்கணும். கிளினிக்ல கேட்டா டாக்டர் மாதிரி பதில் சொல்லுவாங்க. எல்லாம் செஞ்சோம், வயசாயிடுச்சு, வலி இல்லாம போச்சு. வீட்டுல வெச்சுக் கேட்டா மனுஷி மாதிரி சொல்லுவாங்கல்ல?"

"என்ன கேக்கணும்?"

நாய்க்காரர் கேட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க. பாக்கறதுக்கு அந்தச் சுவரு ஒண்ணுதான் இருந்துச்சு. சான்றிதழையே திருப்பித் திருப்பிப் படிச்சேன். மனப்பாடம் ஆயிடுச்சு. உள்ள அது என்னைத் தேடுச்சா இல்லையான்னு தெரியணும். அவ்வளவுதான்."

"கேட்டீங்களா?"

"இல்ல சார். அவங்களைப் பாத்ததும் வாய் வரல. நாளைக்குக் கேட்டுடலாம்னு போயிடுவேன். மறுநாளும் அப்படித்தான்."

"அந்தப் பொண்ணு பயந்துபோய்க் கெடக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"எந்தப் பொண்ணு?" அவர் உண்மையாகவே யோசித்தார். "ஓ. நான் அதை ஏறெடுத்துக்கூடப் பாத்ததில்லையே. நான் என்ன சார் செஞ்சேன்? நின்னேன்."

நான் என்ன செஞ்சேன், துடைச்சேன். நேற்றிலிருந்து மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த வாக்கியம் வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் பரிசோதகர் திரும்பி நடக்கத் தொடங்கினார். நாய்க்காரர் கூடவே கொஞ்ச தூரம் வந்தார்.

"புது வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. உங்களைச் சங்கடப்படுத்தல, சொல்ல வேண்டாம். சுவத்துல மாட்டிடுவீங்கல்ல? கிளினிக் கண்ணாடிக் கதவு வழியாவே தெரியும். நல்ல பெரிய எழுத்து."

கிளினிக்கில் பெஞ்ச் காலியாக இருந்தது. பரிசோதகர் வழக்கம்போல் முதலில் சுவரைப் பார்த்தார். சட்டம் அங்கேதான் இருந்தது, ஆனால் திரும்பியிருந்தது. பழுப்புப் பின்னட்டையும் துருப்பிடித்த ஆணிகளும் தெரிந்தன.

மருத்துவர் ஒரு முயலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "பிளாஸ்திரி ஒட்டக் கூடாதுன்னீங்க. திருப்பி மாட்டக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார் முயலைப் பார்த்தபடி.

பரிசோதகர் நின்றுகொண்டே பேசினார். "ரூல்ல அட்ரஸ் பத்தி ஒண்ணுமே இல்ல டாக்டர். பெயரு, எண்ணு, தேதி, அவ்வளவுதான் தெரியணும். நீங்க ஒட்டினது சரிதான்."

கத்தரி ஒரு நகத்தை நறுக்கியது.

"எப்ப படிச்சீங்க?"

"நேத்து."

"அன்னிக்குப் படிச்சிருக்கலாம்."

முயலைக் கூண்டில் விட்டுவிட்டு மருத்துவர் கை கழுவப் போனார். சோப்பு போட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, முழங்கை வரை கழுவினார். குழாயை மூடிய பிறகுதான் பேசினார்.

"புது வீட்டுலயும் வாசக் கதவு சத்தம் கேட்டா என் பொண்ணு கட்டிலுக்கு அடியில போயிடறா. கூப்பிட்டா வரமாட்டா. தட்டுல சோறு வெச்சுத் தள்ளிவிட்டா சாப்பிடுவா. இங்க சில பூனைங்க அப்படி வரும். அதுங்களுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

"மன்னிச்சுடுங்கம்மா."

"சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கொஞ்சம் லேசாயிருக்கும். போயிட்டு வாங்க. அட்ரஸ் தர மாட்டேன். உரிமம் போனா போகட்டும், நான் எங்கயாவது போய் மாவு விக்கிறேன்."

அது நடக்காது என்பது அந்த அறையிலிருந்த எல்லாவற்றுக்கும் தெரிந்தது. பின்னறையில் ஏதோ ஒரு நாய் மருத்துவரின் குரல் கேட்டு வாலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பரிசோதகர் போகவில்லை. கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நாய் கடைசியில அவரைத் தேடுச்சா?"

மருத்துவர் துண்டால் கை துடைப்பதை நிறுத்தினார். "அந்த ஆளைப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அதைக் கேக்கத்தான் நிக்கிறாராம். கேக்க வாய் வரலையாம்."

மருத்துவர் துண்டை மாட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, மூடியிருந்த உள்ளறைக் கதவைக் கண்ணால் காட்டினார். "அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. முடியற வரைக்கும். அவரை உள்ள விட்டிருக்கலாம். அன்னிக்குக் கூட்டம், நான் அவசரப்பட்டுட்டேன். இதைப் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

பரிசோதகர் பையைத் திறந்து முகவரி மாற்றப் படிவத்தை எடுத்தார். மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து, வசிப்பிடம் என்ற கட்டத்தில் ஒரு வீட்டு எண்ணையும் ஒரு தெருவையும் எழுதினார். தன் படிவங்களில் எழுதி எழுதிப் பழகிய எழுத்துகள். மருத்துவர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க."

"இது யார் வீடு?"

"ஆள் இருக்கிற வீடுதான். வாரியத்துத் தபாலெல்லாம் நான் கொண்டுவந்து குடுத்துடறேன்."

மருத்துவர் கட்டத்தைப் படித்தார். அவர் முகத்தைப் படித்தார். மறுபடி கட்டத்தைப் படித்தார்.

"தெரிஞ்சா உங்க வேலை போயிடும்."

"போகலாம்."

"வீட்டுல கேட்டீங்களா?"

பரிசோதகர் சிரித்தார். மருத்துவர் அந்தச் சிரிப்பை ஏற்கெனவே பார்த்திருந்தார். பேனா காகிதத்தின் மேல் நின்றது. அப்படியே மூடி வைத்துவிடுவார் என்றுதான் பரிசோதகருக்குத் தோன்றியது. மருத்துவர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். கையெழுத்துப் போட்டார், மிக மெதுவாக, குழந்தைகள் போடுவதுபோல்.

புதுச் சான்றிதழ் வந்ததும் அவரே கொண்டுபோய் மாட்டினார். எடை மேடையில் ஏறினார். எண்கள் ஓடி நின்றன. அன்று பெஞ்சில் கூட்டம் இருந்தும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சட்டம் கோணலாக இல்லையே என்று பார்த்தார். கைக்குட்டையை எடுத்து, ஊதி, பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளின் மேல் நன்றாகத் துடைத்தார். இறங்கித் திரும்பியபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார். நெற்றி கண்ணாடியில் பட்டிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

மனைவியிடம் அன்றே சொல்லிவிடுவதாக இருந்தார். அவள் பக்கத்து வீட்டம்மாளோடு பேசி ரொம்பவும் சிரித்துவிட்டு வந்த நாள் அது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் அவளுக்குத் தலைவலி. தட்டில் அவள் சோறு போடும்போதெல்லாம் வாய் வரை வந்தது. இந்த வீடு தன் ஒருவனுடையதில்லை என்பது எழுதும்போது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தார். தோன்றியது. டாக்டர் கேட்கவும் செய்தார். இரண்டும் தெரிந்தேதான் சிரித்தார். வேலைக்குக் கிளம்பும்போது, "கேட்டைப் பூட்டிக்கோ" என்று அவளிடம் சொல்லத் தொடங்கினார். அவள், "என்ன இது புதுப் பழக்கம்? தங்கம் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்றாள். பூட்டவில்லை.

வெளிச்சம் நன்றாக விழுமென்று முன்னறை ஜன்னலில் கண்ணாடியை மாட்டிவைத்துத்தான் அவர் எப்போதும் சவரம் செய்வார். ஒரு நாள் காலை, ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரையோடு நின்றபோது வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"யாரு வேணும்?"

"டாக்டரம்மா இருக்காங்களா?"

"இங்க டாக்டர் யாரும் இல்லையே. யாரு குடுத்தது இந்த அட்ரஸ்?"

அவர் கண்ணாடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நாய்க்காரர், இஸ்திரிச் சட்டையில், தலை வாரிக்கொண்டு. சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. வீட்டு எண்ணைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மணிக்கட்டிலிருந்து சங்கிலியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, கேட்டின் கம்பியில் கொக்கியை மாட்டினார். அது இரும்பில் பட்டு ஒலித்தது. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

அந்தக் கதவையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பரிசோதகரின் நாக்கில் அது தயாராக இருந்தது. சவரக் கத்தியோடு அங்கேயே நின்றார்.

மனைவி சங்கிலியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. மெதுவாகத் திரும்பி, முகத்தில் பாதி நுரையோடு ஜன்னலில் நின்றவரைப் பார்த்தாள். பார்த்தபடியே கையை நீட்டிக் கொக்கியைக் கழற்றி, சங்கிலியைத் தோல்பிடியில் பிடித்துக்கொண்டாள். நாய்க்காரரின் கையில் இருக்க வேண்டிய பிடி இப்போது அவள் கையில் இருந்தது. நாயில்லாத மறுமுனை அவள் காலடியில், ஈர வாசலில் கிடந்தது.